யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் இதுதான்

29 மே 2006, திங்கள்

நேற்று பெய்த மழையில் எங்கள் நீலசந்திரா ஏரியா முழுக்கச் சேறு. புதுச் செருப்பு போச்சு. ஆபீஸில் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் கோவிந்தராஜன் சார் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் கம்பெனி மற்றவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறது. ஹோட்டல் புக்கிங், லைப்ரரி, இன்ஷூரன்ஸ் என்று. வெளியே அனுப்பும் முன் தட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிற டெஸ்டிங் டீமுக்கு நான் லீட். இப்போது ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் ஒவ்வொரு விதமாக டெஸ்ட் நடக்கிறது. ஒருத்தர் கையால், ஒருத்தர் கருவியால், ஒருத்தர் சாமி பேரைச் சொல்லி.

"இனிமே புதுசா வர்ற எல்லா வெப் அப்ளிகேஷனுக்கும் ஒரே டெஸ்டிங் ஃப்ரேம்வொர்க். டிஃபால்ட். யாரும் ஒன்னும் சொல்லலைன்னா அதுதான். நீ பாத்துச் சொல்லு கேத்தரின், ஆகஸ்ட் முடியறதுக்குள்ள. ஒரு பக்கம் போதும். கதை வேண்டாம்," என்றார்.

கதை எழுதத்தான் எனக்கு இந்த டைரி இருக்கிறதே.

தனாக்காவிடம் சொன்னேன். "உன்னக் கேக்காம எந்த வேலயும் நடக்காதுன்னு ஆயிடுச்சி. ராணி ஆயிட்டடி," என்றாள். தனக்கோடி என்று முழுப் பெயர் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். மர்பி டவுன்காரி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தங்கச் சுரங்கம் மூடினபிறகு கோலாரிலிருந்து அம்மாவோடு நான் பெங்களூர் வந்து, யாரையும் தெரியாமல் ஆபீஸ் கேன்டீனில் நின்றபோது, "இன்னா, எலும்பும் தோலுமா நிக்கற, வா இப்டி," என்று தன் டப்பாவைப் பாதி தள்ளியவள். பி.காம். படித்து, டேட்டா என்ட்ரிக்கு வந்து, டெஸ்டிங்குக்கு மாறினவள். இதுவரை ஒரு வரி ப்ரோக்ராம் எழுதினதில்லை. எழுதுகிறவர்களை நிம்மதியாக விட்டதும் இல்லை.

1 ஜூன், வியாழன்

மத்தியானம் தனாக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், உடனே மூடினாள். என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். எத்தனை டாக்டர், எத்தனை கோயில்.

"யார்கிட்டயும் சொல்லாத. கொஞ்ச நாள் ஆவட்டும்."

நான் அழுதுவிட்டேன். "நானே அழுவல, நீ ஏன்டி அழுவற, கண்ணத் தொடச்சிக்க," என்று துப்பட்டாவை எடுத்து என் முகத்தில் தேய்த்தாள். என் துப்பட்டா இல்லை, அவளுடையது. ஊறுகாய் வாசனை.

14 ஜூன், புதன்

எல்லாவற்றையும் கழித்து இரண்டில் வந்து நிற்கிறது.

ஒன்று, பதிவு பண்ணுகிற கருவி. நாம் வெப்சைட்டில் பேர் அடிக்கிறதை, பட்டன் அமுக்குகிறதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு தானே அதே மாதிரி செய்யும். ப்ரோக்ராம் எழுதத் தெரிய வேண்டாம்.

இன்னொன்று செலினியம். ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஜாவாவில் ப்ரோக்ராமாக எழுதவேண்டும். ஓட்டினால், எல்லாம் சரி என்றால் பச்சைப் பட்டை. ஒன்று தப்பினாலும் சிவப்பு. டெவலப்பர் நரேஷ் இதற்காக உயிரை விடுகிறான். சின்னப் பையன், காலேஜ் முடித்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் பேசும்போது யாரையும் மட்டம் தட்டுவதில்லை.

அம்மா ராத்திரிச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "இதுக்கா ரெண்டு மாசம்? ரெண்டையும் வெச்சிக்கிங்களேன்."

"அப்ப ஆளுக்கு ஒன்னு பண்ணுவாங்கம்மா. இப்ப இருக்கற மாதிரியேதான்."

"அதுவும் சரிதான்," என்று ரசத்தை ஊற்றினாள். எங்கம்மா லூர்துமேரிக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். சிலபேருக்குத்தான் புரியாது.

22 ஜூன், வியாழன்

பதிவுக் கருவி தனாக்கா கையில் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. ஹோட்டல் புக்கிங் சைட்டில் உட்கார்ந்தாள். முதல் பெயரே டிசோசா. ஆங்கிலத்தில் D-க்குப் பக்கத்தில் மேலே ஒரு சின்னக் கீற்று வருமே, அதோடு அடித்தாள். பக்கம் அப்படியே செத்து வெள்ளையாகப் போனது.

"நரேஷ், இங்க வாப்பா. பெங்களூர்ல டிசோசா இல்லாத தெரு எது, காட்டு. ரூம் கேட்டு வந்தவனை வாசல்லயே கொன்னுட்டியே."

நரேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். டீம் முழுக்கச் சிரிப்பு. அக்கா அதைப் பதிவு பண்ணிவைத்தாள். இனிமேல் தினமும் தானே டிசோசா வந்து ரூம் கேட்பான்.

இவளுக்கு இந்தக் கருவிதான். எனக்கும் மனசு அங்கேதான் போகிறது.

10 ஜூலை, திங்கள்

மனசு போன இடம் சரியில்லை.

வெள்ளிக்கிழமை லாகின் பக்கத்தை மாற்றினார்கள். பட்டன் கொஞ்சம் கீழே வந்தது, பெயர் மாறியது, அவ்வளவுதான். இன்று காலை பார்த்தால் பதிவு பண்ணினது அத்தனையும் வாசலிலேயே நிற்கிறது. உள்ளே போகிற பட்டன் எங்கே என்று தெரியவில்லை அதற்கு. எல்லாவற்றையும் திரும்பப் பதிவு பண்ணவேண்டும். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்ப ஆரம்பித்தாள்.

நரேஷ் எழுதின டெஸ்ட்களும் சிவப்பாகத்தான் வந்தன. லாகின் பண்ணுகிறதை அவன் ஒரே இடத்தில் எழுதிவைத்து, எல்லா டெஸ்ட்டும் அங்கே வந்து வாங்கிக்கொள்கிற மாதிரி செய்திருந்தான். அந்த ஒரு இடத்தைத் திருத்தினான். பச்சை.

பீற்றிக்கொள்ளவில்லை. "டீ குடிக்கலாமா, கேத்தரின்?" என்றான். பீற்றிக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

27 ஜூலை, வியாழன்

டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். குழந்தை பிறக்கிறவரைக்கும். வயசு, ரத்த அழுத்தம், இன்னும் என்னென்னவோ.

ஆதிகேசவன் அண்ணா வந்து அழைத்துப்போனார். தனாக்காவின் வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர். டூட்டி சட்டையோடே வந்திருந்தார். அக்காவின் பையை ஒரு கையில், அவள் கையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, லிஃப்ட்டில் ஏறினவர்களை எல்லாம் பழக்க தோஷத்தில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார்.

"என் சேர்ல யாரையும் உக்கார வெக்காதடி, ஒசரத்த மாத்திடுவாங்க," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். லிஃப்ட் கதவு மூடும்போது சிரிக்கவில்லை. அதை நான் பார்த்திருக்கக்கூடாது.

9 ஆகஸ்ட், புதன்

சாருக்கு அறிக்கை எழுதி முடித்துவிட்டேன். பதிவுக் கருவியைச் சிபாரிசு பண்ணி.

காரணங்கள் நன்றாகவே இருக்கின்றன. டீமில் பாதிப்பேருக்கு ப்ரோக்ராம் தெரியாது. உடனே ஆரம்பிக்கலாம். கற்றுக்கொடுக்கிற நேரம் மிச்சம். படித்தால் நானே ஒத்துக்கொள்வேன்.

ஒத்துக்கொள்கிறேனா?

செலினியம் டிஃபால்ட் ஆனால், அக்கா திரும்பி வரும்போது அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுமே இருக்காது. கைக்குழந்தையோடு வந்து, நரேஷ் வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜாவா படிக்கணுமா? ஆறு மாசம் பார்ப்பார்கள். பிறகு ரிசப்ஷனுக்கு மாற்றுவார்கள், இல்லை கையில் சர்டிஃபிகேட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். போன வருஷம் எங்கள் டீமில் இருந்த சந்திரனுக்கு நடந்தது எனக்குத் தெரியாதா?

லாகின் பட்டன் நகர்ந்தால் திரும்பப் பதிவு பண்ணிக்கொண்டால் போகிறது. யாருக்கு என்ன நஷ்டம்.

சும்மா ஏன் இப்படி எழுதி எழுதிப் பார்க்கிறேன்?

20 ஆகஸ்ட், ஞாயிறு

மர்பி டவுன் போனேன். அம்மா செய்த பூண்டுக் குழம்பு ஒரு தூக்கில், அறிக்கை பையில். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து எடுத்துப்போனேன், மடச்சி.

அக்கா இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. குழம்பை முகர்ந்து பார்த்து, "உங்க அம்மா கைக்கு வளையல் போடணும்," என்றாள். பிறகு அறிக்கையை வாங்கிப் படித்தாள். மெதுவாகப் படித்தாள்.

"லாகின் மாத்தினா எல்லாம் படுத்துக்குச்சே, அத ஏன் எழுதல?"

"அது பெரிய விஷயம் இல்லக்கா."

"எனக்குப் பெரிய விஷயம். நான்தான திரும்ப உக்காந்து செஞ்சேன். நரேஷ் ஒரு எடத்துல தட்டிட்டு டீ குடிக்கப் போனான்." தாளை என் பக்கம் நீட்டினாள். "யாருக்காக எழுதின இத?"

நான் அதை வாங்கி மடித்தேன். அதுவே போதுமாக இருந்தது அவளுக்கு.

"நான் வயித்துல புள்ளய வெச்சிக்கினு படுத்திருக்கேன் கேத்தி. மூளய எடுத்து வெச்சிட்டுப் படுக்கல. நாளைக்கி இது புட்டுக்கும். எதுக்கு இந்தக் கருவிய எடுத்தீங்கன்னு கேப்பாங்க. தனக்கோடிக்கு வேற ஒன்னும் வராது, பாவம், அதுக்காகன்னு சொல்லுவியா? அந்த ஆபீஸ்ல என்னைப் பாவம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னது கெடயாது. மொத ஆளு நீ."

"அக்கா, நான்..."

"போ. தூக்குப் பாத்திரத்த அவரு கொண்டாந்து குடுப்பாரு."

ஆதிகேசவன் அண்ணா தெருமுனை வரை கூட வந்தார். அல்சூர் ஏரிக்கரை வரைக்கும் நடந்தே வந்தேன். எந்தப் பஸ்ஸிலும் ஏறத் தோன்றவில்லை.

22 ஆகஸ்ட், செவ்வாய்

போன் எடுக்கவில்லை.

23 ஆகஸ்ட், புதன்

இன்றும்.

26 ஆகஸ்ட், சனி

கோபம் எனக்கும்தான் வருகிறது. நான் என்ன, என் லாபத்துக்கா எழுதினேன்? நல்லது செய்யப்போய் — நல்லதா? அவளைக் கேட்காமல் அவளுக்கு எது வராது என்று நானே முடிவு பண்ணினேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? "கத்துக்கறேன்" என்றிருப்பாள். அல்லது "வேணாம், நான் போறேன்" என்றிருப்பாள். இரண்டில் எது என்றுகூட எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டு.

ரிச்மண்ட் ரோட்டில் ஏறின பஸ்ஸில் ஆதிகேசவன் அண்ணா. பாஸைக் காட்டினேன். பார்க்கவே இல்லை, விசிலை ஊதிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அவ தினம் உன் போனைப் பாக்கறா தங்கச்சி. எடுக்கமாட்டா. கட்டும் பண்ணமாட்டா. அடிச்சி முடியறவரைக்கும் கையிலயே வெச்சிக்கினு இருக்கா."

அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. அவர் பின்னால் போய்விட்டார்.

31 ஆகஸ்ட், வியாழன்

பழையதைக் கிழித்துப்போட்டு, புதிதாக எழுதிக் கொடுத்தேன். புது வெப் அப்ளிகேஷன்களுக்கு டிஃபால்ட், செலினியமும் அதன் பச்சை, சிவப்புப் பட்டையைக் காட்டுகிற ஜேயூனிட்டும். பதிவுக் கருவி ஏன் வேண்டாம் என்பதற்கு லாகின் பட்டன் கதையை அப்படியே எழுதினேன். யார் உட்கார்ந்து திரும்பச் செய்தது என்பதையும்.

கடைசியில் இன்னொன்றும் சேர்த்தேன். டீமில் எல்லோருக்கும் ஆபீஸ் நேரத்திலேயே கற்றுக்கொடுக்கவேண்டும். ஒரு வருஷத்துக்கு யாரையும் டீமைவிட்டு மாற்றக்கூடாது.

கோவிந்தராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "கதை வேண்டாம்னு சொன்னேனே."

"இது கதை இல்ல சார். இது இல்லாம அது நடக்காது. கருவிய எடுத்துட்டு ஆளை விட்டுட்டா, டெஸ்ட்டை யார் எழுதுவா? நரேஷ் ஒருத்தனா?"

"ஆறு மாசம்."

"சரி சார். லீவுல இருக்கறவங்களுக்கு, திரும்பி வந்த நாள்லேருந்து ஆறு மாசம்."

"தனக்கோடியைச் சொல்றே."

"யாரா இருந்தாலும் சார்."

ஜன்னல் வழியே கொஞ்சநேரம் ஏர்போர்ட் ரோடு டிராஃபிக்கைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வரும்போது, "அந்த டிசோசா தப்பை என் பெரிய பையன்கிட்டகூட சொன்னேன். அவன் நம்பவே இல்லை," என்றார்.

அக்காவிடம் இதைச் சொல்லமுடியவில்லையே என்றுதான் இருந்தது.

8 செப்டம்பர், வெள்ளி

மாதா திருநாள். அம்மாவும் நானும் வழக்கப்படி காவிச் சேலை கட்டிக்கொண்டு சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போனோம். தேர் வருவதற்குள் கால் மிதிபட்டு வீங்கிவிட்டது. இரண்டு மெழுகுத்திரி ஏற்றினேன். அம்மா இரண்டாவதைப் பார்த்துவிட்டு, காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டாள்.

11 செப்டம்பர், திங்கள்

மத்தியானம் மீட்டிங்கில் இருக்கும்போது ஆதிகேசவன் அண்ணா போன். அக்காவுக்கு ரத்தம் போகிறது, ஆஸ்பத்திரி.

ஆட்டோவில் போகும்போது என்ன நினைத்தேன் என்று இப்போது நினைவில்லை. டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ கத்தியிருக்கிறேன். அவர், சரிம்மா சரி என்கிற மாதிரி, "ஆய்த்தம்மா, ஆய்த்து" என்று சொல்லிக்கொண்டே ஒன்வேயில் புகுந்தார்.

மணிக்கணக்காக வெளியே உட்கார்ந்திருந்தோம். அண்ணா டிக்கெட் பையை மாட்டியபடியே இருந்தார், கழற்றத் தோன்றவில்லை. டாக்டரம்மா வந்து, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கும் நின்றுவிட்டது என்றார். அண்ணா அப்போதுதான் அந்தப் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

முதலில் அவர் போய்ப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

முகம் வெளுத்துக் கிடந்தது. என் கையைப் பிடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு சின்ன உதை. நான் பேச வாயெடுத்தேன்.

"அனுப்பிட்டியா?"

"எதக்கா?"

"மாத்தி எழுதினத."

"மாத்தினேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா," என்று கண்ணை மூடிக்கொண்டாள். கையை விடவில்லை.

24 செப்டம்பர், ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபீஸிலிருந்து ஒரு பழைய லேப்டாப் வாங்கி எடுத்துப்போனேன். அவளாகத்தான் கேட்டாள். "படுத்துக்கினு மோட்டுவளயப் பாக்கறதுக்கு அதையாவது பாக்கறேன்."

இன்று ஜாவாவில் முதல் பாடம். ஒவ்வொரு வரி முடிவிலும் புள்ளியும் கீழே வாலுமாக அரைப்புள்ளி ஏன் என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். "முடிஞ்சிச்சின்னா முழுசாப் புள்ளி வெக்கவேண்டியதுதான. இன்னா அரகொற வேல."

8 அக்டோபர், ஞாயிறு

ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு டைப் அடிக்கவரவில்லை. அதனால் இப்படி ஏற்பாடு: அக்கா சொல்வாள், ஆதிகேசவன் அண்ணா அடிப்பார், நான் பார்ப்பேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தேட நேரமாகிறது. "பிராக்கெட் போடு. அது இல்ல, நெளிஞ்ச பிராக்கெட்டு." "எந்தப் பக்கம் நெளிஞ்சது?" "ஏறும்போது ஒன்னு, எறங்கும்போது ஒன்னு. பஸ்ல ரெண்டு கதவு இல்ல?" அதற்குப் பிறகு அவர் பிராக்கெட்டைத் தப்பு விடவே இல்லை.

சிரித்துச் சிரித்து அக்காவுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் சிரிக்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

29 அக்டோபர், ஞாயிறு

இன்று மோசம். மூன்று வாரமாக நான் எழுதினதைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். மூடிவிட்டுச் சொந்தமாக எழுது என்றால் ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பச் சிவப்பு. லேப்டாப்பைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எனக்கு வராதுடி. நீ மொதல்ல எழுதினதுதான் சரி."

வரும் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? பொய்யும் சொல்லவரவில்லை. கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். நன்றாக வீங்கியிருக்கிறது. அப்படியே தூங்கிப்போனாள்.

கிளம்பும்போது லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தேன். அண்ணா வாங்கி, திரும்ப அலமாரியில் வைத்தார். "இருக்கட்டும் தங்கச்சி. எங்க போவப்போவுது."

12 நவம்பர், ஞாயிறு

கதவைத் திறந்ததும் அண்ணா சிரித்த சிரிப்பிலேயே ஏதோ இருந்தது.

அக்கா தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், மடியில் லேப்டாப். "ஓட்டு," என்றாள்.

ஓட்டினேன். பிரவுசர் தானே திறந்தது. ஹோட்டல் பக்கம். பெயர்க் கட்டத்தில் டிசோசா, கீற்றோடு. அதோடு நிற்கவில்லை. பெயரே இல்லாமல் ஒருத்தர் வந்தார். ஒரே எழுத்தைப் பெயராக வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்தார். பிறகு, போகிற தேதிக்குப் பிறகு வருகிற தேதியைப் போட்டுக்கொண்டு ஒரு மகராசன் வந்தார். அவருக்கு ரூம் கொடுத்துவிட்டது சைட்.

சிவப்பு.

"தப்பா வந்திருக்கேக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"என்னுது தப்பு இல்ல. சைட் தப்பு. நாளைக்கி நரேஷ்கிட்ட சொல்லு," என்றாள். "வாரம் பூரா இவரு நைட் டூட்டி. பேச ஆளில்ல. நானே உக்காந்து ஒத்த வெரலால அடிச்சேன்."

வரி வரியாகப் பார்த்தேன். அழகாக ஒன்றும் இல்லை. ஒரே விஷயத்தை நாலு இடத்தில் எழுதியிருந்தாள். ஆனால் முழுக்க அவள் எழுதினது. எனக்கு இந்த நாலாவது ஆளைப் பற்றித் தோன்றியே இருக்காது.

19 டிசம்பர், செவ்வாய்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். அண்ணா ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு. வாட்ச்மேன் ரெண்டு தடவை வாங்கினார்.

மகா என்று கூப்பிடப் போகிறார்களாம். மூக்கு அப்படியே அண்ணா. அக்கா ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாள்.

12 பிப்ரவரி 2007, திங்கள்

காவிரிக்காக பந்த். ஆபீஸ் இல்லை, பஸ் இல்லை. வெளியே போகாதே என்று அம்மா கதவைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அக்காவுக்கு போன் பண்ணினேன். அண்ணா வீட்டில்தான் இருக்கிறார், பத்திரம். மகா அழுவது கேட்டது. முப்பது நிமிஷம் பேசினோம். பாதி மகா பேசினாள்.

2 ஏப்ரல், திங்கள்

அக்கா திரும்பி வந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, உயரத்தைச் சரிபண்ணி, என்னை முறைத்தாள். டீமில் புதிதாக மூன்று பேர். அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. மத்தியானம் பாத்ரூமில் போய்ப் பால் பிழிந்துவிட்டு வந்தவள் கண் சிவந்திருந்தது. "வீட்ல அவ குடிக்கணும், இங்க நான் கொட்டிட்டு வரேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

11 மே, வெள்ளி

இன்று ஒரு கலாட்டா. அக்கா எழுதின டெஸ்ட்டை நரேஷ் அவளைக் கேட்காமலே சின்னதாக்கி, அழகாக்கி வைத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான். (அந்த நல்ல எண்ணத்தை எனக்குத் தெரியும்.)

அக்கா அவன் மேஜைக்குப் போனாள். சத்தம் போடவில்லை. "நீ எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்புன்னா என்கிட்ட சொல்லு, நான் திருத்தறேன். நீயே திருத்திட்டா நான் எப்பத் திருந்தறது?"

நரேஷ் எழுந்து நின்றுவிட்டான். "சாரிக்கா. உக்காருங்க. எப்டி பண்ணேன்னு காட்டறேன்."

இரண்டு பேரும் சாயங்காலம்வரை அங்கேயே. இரண்டு தடவை நரேஷ் "ஓஹோ" என்றது எனக்குக் கேட்டது.

5 அக்டோபர், வெள்ளி

ஆறு மாசம் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கிறது. எனக்கே இன்றுதான் ஞாபகம் வந்தது. கோவிந்தராஜன் சாருக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்கவில்லை. புது இன்ஷூரன்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு டெஸ்டிங் பொறுப்பு தனக்கோடி என்று அவரே மெயில் போட்டிருக்கிறார்.

19 நவம்பர் 2008, புதன்

ரொம்ப நாளாக இதில் எழுதவில்லை. இன்று எழுதவேண்டும்.

காலையில் மெயிலைத் திறந்தால் கோவிந்தராஜன் சாருக்கு ஒன்று போயிருக்கிறது, எனக்கும் நகல். தலைப்பு: புது வெப் அப்ளிகேஷன்களுக்கான டிஃபால்ட் டெஸ்டிங் ஃப்ரேம்வொர்க்கை மாற்றுவது பற்றி. அனுப்பியவர், தனக்கோடி ஆதிகேசவன்.

இப்போது இருப்பது மெதுவாக ஓடுகிறதாம். நடுவில் ஒரு சர்வரை வேறு ஓட்டவேண்டியிருக்கிறதாம். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அது நேரே பிரவுசரோடு பேசுகிறது, இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன், முடிவுகள் கீழே. ஒரு பக்கம்தான். கதை இல்லை. அந்தப் புதியதன் பெயரை நான் இதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. நரேஷைக் கேட்டேன், அவனும் போன வாரம் அக்கா சொல்லித்தான் கேட்டானாம்.

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று ஏன் எழுதணும். நான் சண்டை போட்டு வாங்கினது அது. பதில் அடிக்க ஆரம்பித்தேன்: "இப்போது இருப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது, மாற்றினால் புதியவர்களுக்கு..." பாதியில் நிறுத்தி, படித்துப் பார்த்து, அழித்தேன்.

அக்கா சீட்டுக்குப் போனேன். மேஜையில் மகா போட்டோ, முன்பல் ரெண்டும் தெரிய. திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"மெயில் பாத்தேன்," என்றேன். "படிச்சிட்டு சொல்றேன்க்கா."

"படிக்கறதுக்கு அதுல இன்னா இருக்கு? சேர இழுத்துக்கினு வா. காட்டறேன்."

இழுத்துக்கொண்டு போனேன். நிறையக் கேள்வி கேட்டேன். சிலதுக்கு அவளிடம் பதில் இருந்தது, சிலதுக்கு "தெர்ல, நாளைக்கி ஓட்டிப் பாக்கலாம்" என்றாள். மணி ஐந்தாகிவிட்டது. சாப்பிடவே இல்லை இரண்டு பேரும்.